கோமுகி யாரையும் திருப்பித் தருவதில்லை

1

போன மாதம் நண்பன் ஒருவன் தன் நாவலின் முதல் ஐந்து அத்தியாயங்களை அனுப்பினான். தமிழில் ஒரு மிகுபுனைவு. சபிக்கப்பட்ட ஏரி, அதைச் சுற்றி ஏழு ஊர்கள், செத்தவர்களை எழுப்பத் தெரிந்த மந்திரவாதிகளின் ஆட்சி. எழுப்பப்பட்டவர்கள் இரவில் வயல் வேலை செய்கிறார்கள், பகலில் ஏரிக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறார்கள். படிக்க விறுவிறுப்பாகத்தான் இருந்தது. கேம்பல் சாலையில் தேநீர் குடிக்கும்போது கேட்டான்: "மச்சான், இந்த மாதிரி உலகம் நம்ம இலக்கியத்துல இல்லவே இல்லயே, ஏன்டா? எல்லாமே நீதி, பக்தி, காதல். வெள்ளைக்காரன் மட்டும் எப்படி யோசிக்கிறான்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. நான் பொறியாளன். இலக்கியம் பல்கலைக்கழகத்தில் படித்ததில்லை, பாயான் லெப்பாஸில் ஷிஃப்ட் முடிந்து வந்து படித்ததுதான். ஆனால் அந்தக் கேள்வி தவறான இடத்தில் நிற்கிறது என்று மட்டும் தோன்றியது. இந்தக் கட்டுரை அவனுக்கான பதில். கொஞ்சம் எனக்கான பதிலும்கூட.

2

முதலில் அவன் ஏரி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

எங்கள் தலைமுறை இடைநிலைப்பள்ளி முடிந்ததும் சைபர் கஃபேயில்தான் வளர்ந்தது. 2004இல் வெளிவந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் டாரோமியர் என்று ஓர் ஏரி. ஏரி நடுவில் கேர் டாரோ என்ற தீவு. தீவில் பாழடைந்த கோட்டை. கோட்டைக்கு அடியில் 'ஸ்காலமேன்ஸ்' என்ற பள்ளிக்கூடம், செத்தவர்களை எழுப்பும் வித்தையைச் சொல்லிக்கொடுக்கும் இடம். நண்பனின் நாவலை அந்த வரைபடத்தின் மேல் வைத்தால் ஊர்ப்பெயர்கள் தவிர மற்றதெல்லாம் பொருந்தும்.

ஆனால் ஸ்காலமேன்ஸ் அந்த நிறுவனம் கண்டுபிடித்த பெயர் இல்லை. அது திரான்சில்வேனிய நாட்டார் நம்பிக்கை. மலைக்கு நடுவே சாத்தான் நடத்தும் பள்ளி. ஒரு நேரத்தில் பத்து மாணவர்கள். படிப்பு முடிந்ததும் ஒன்பது பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு பத்தாவது ஆளைச் சாத்தான் கட்டணமாக வைத்துக்கொள்வான். ஹெர்மான்ஸ்டாட் ஊருக்குத் தெற்கே மலையில் உள்ள ஆழமான ஏரி ஒன்றும் இந்தக் கதையோடு சேர்ந்தது. 1885இல் எமிலி ஜெரார்ட் இதை எழுதி வைத்தார். அதிலிருந்து பிராம் ஸ்டோக்கர் 1897இல் தன் டிராகுலாவுக்கு எடுத்துக்கொண்டார். அங்கிருந்து விளையாட்டுக்கு, விளையாட்டிலிருந்து பினாங்குப் பையன்களுக்கு.

நடுவில் இன்னும் இரண்டு பேர். 1937இல் டோல்கீன் எழுதிய 'ஹாபிட்' நாவலில் காட்டுக் கோட்டையில் முகம் காட்டாமல் இருக்கும் எதிரிக்கே 'பிணமெழுப்பி' என்றுதான் பெயர். 2005இல் வந்த ஹாரி பாட்டர் ஆறாம் நாவலில் குகைக்குள் ஒரு கறுப்பு ஏரி, தண்ணீர் முழுக்கப் பிணங்கள், எஜமானன் சொன்னால் எழுந்து இழுக்கும்.

இவை எல்லாவற்றிலும் ஒரு விஷயம் பொது. செத்தவர்களை எழுப்ப முடியும். ஆனால் எழுந்து வருவது அந்த ஆள் இல்லை, கட்டளைக்கு ஆடும் உடம்பு. அதனால்தான் எழுப்புகிறவன் வில்லன். செத்தவன் திரும்ப வருவதை விரும்பலாம், செய்யக்கூடாது என்பது அந்த மரபின் நியாயம். கிறிஸ்தவப் பின்னணியில் அது புரிகிறது. உயிர்த்தெழுதல் கடவுளின் உரிமை. மனிதன் செய்தால் திருட்டு.

நண்பன் அந்த ஏரியை மட்டும் எடுத்துக்கொண்டான். அதற்குக் கீழே இருக்கும் நியாயத்தை எடுக்கவில்லை. அவன் நாவலில் மந்திரவாதிகள் ஏன் கெட்டவர்கள் என்று எனக்கு இதுவரை தெரியவில்லை. கறுப்பு உடை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

3

இப்போது அவன் கேள்வி. நம்மிடம் இல்லையா?

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் ஆறாம் காதை. பெயரே 'சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை'. இளவரசன் உதயகுமரன் மணிமேகலையைத் துரத்திக்கொண்டு உவவனம் வரைக்கும் வந்து போயிருக்கிறான். அப்போது மணிமேகலா தெய்வம் ஊர்ப்பெண் வேடத்தில் வந்து, பக்கத்தில் சக்கரவாளக் கோட்டம் இருக்கிறது, அங்கே போங்கள், அவன் வரமாட்டான் என்கிறது. தோழி சுதமதி கேட்கிறாள்: ஊரே அதைச் சுடுகாடு என்றுதான் சொல்கிறது, நீ மட்டும் ஏன் வேறு பெயர் சொல்கிறாய்?

அந்தக் கேள்விக்குப் பதிலாகச் சாத்தனார் ஓர் உலகத்தையே கட்டிக் காட்டுகிறார். மிகுபுனைவு எழுதுகிறவர்கள் இப்போது 'உலகக் கட்டமைப்பு' என்கிறார்களே, அதேதான். மதில், வாயில்கள், காளி கோயில். அரசர்களுக்கும் துறவிகளுக்கும் கணவனோடு இறந்த பெண்களுக்கும் உயரம் உயரமாகச் செங்கல் நினைவிடங்கள். பிணத்தைச் சுடுகிறவர்கள், அப்படியே போட்டுவிட்டுப் போகிறவர்கள், குழி தோண்டுகிறவர்கள், பள்ளத்தில் வைத்து அடைக்கிறவர்கள், தாழியால் மூடுகிறவர்கள் என்று ஐந்து வகை. ஓயாத சாவுப்பறை, நரி, ஆந்தை. எந்த மரத்தடியில் யார் என்றுகூடச் சொல்கிறார். ஒரு மரத்தடியில் உடைந்த மண்டையோடுகளைக் கோத்து மாலையாக்கும் விரதக்காரர்கள். இன்னோர் இடத்தில் பிணம் தின்கிறவர்களின் விருந்து. ஸ்காலமேன்ஸ் பள்ளிக்கு வேண்டிய எல்லா ஆட்களும் இங்கே இருக்கிறார்கள். "இல்லவே இல்லயே" என்று சொன்ன நண்பன் இந்தக் காதையை இரவில் ஒருமுறை தனியாகப் படிக்கட்டும்.

அந்த இடத்துக்குள் சார்ங்கலன் என்ற பார்ப்பனச் சிறுவன் தெரியாமல் தனியே வருகிறான். ஒரு பேய்ப்பெண், செத்துப்போன ஒரு பெண்ணின் தலையைக் கையில் வைத்துக்கொண்டு சந்தோஷத்தில் ஆடுவதைப் பார்க்கிறான். அலறி வீட்டுக்கு ஓடுகிறான். பேய் என்னைப் பிடித்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிச் சாகிறான்.

அம்மா பெயர் கோதமை. பார்வை போன முதிய வீடு அது, தாங்கியிருந்தது இவன் ஒருவன்தான். நடுராத்திரியில் மகனைத் தூக்கிக்கொண்டு சுடுகாட்டு வாசலுக்கு வந்து, ஊர்த்தெய்வம் சம்பாபதியைக் கூப்பிடுகிறாள். தெய்வமும் வருகிறது.

இங்கே மற்ற மரபுகளில் என்ன நடக்கும்? தெய்வம் இரங்கும், பையன் எழுவான். இல்லையென்றால் ஒரு மந்திரவாதி வந்து விலை பேசுவான். சாத்தனார் இரண்டும் செய்யவில்லை. சம்பாபதி, பேய் கொல்லவில்லை, அவன் அறியாமையும் வினையும் சேர்ந்து உயிரைக் கொண்டுபோயின என்கிறது. கோதமை விடவில்லை. என் உயிரை எடுத்துக்கொள், அவனைக் கொடு, கண் தெரியாத அப்பாவை அவன் பார்த்துக்கொள்வான் என்கிறாள். இதற்குத் தெய்வம் சொல்லும் பதிலை நான் பல தடவை படித்திருக்கிறேன். உயிருக்கு உயிர் மாற்ற முடியுமென்றால், அரசனுக்காகச் சாகத் தயாராக இருந்தவர்கள் எத்தனை பேர்? அப்புறம் எதற்கு இங்கே அரசர்களுக்கு ஆயிரம் சமாதிகள்?

கதையின் ஆரம்பத்தில் சும்மா வருணனைபோல வந்த அந்தச் செங்கல் நினைவிடங்கள் இப்போது சாட்சியாகிவிட்டன. ராஜாக்களாலேயே முடியாததுக்கு இதோ ஆதாரம், உன்னைச் சுற்றிப் பார் என்கிறது தெய்வம். பயமுறுத்த வைத்த பொருளையே வாதத்துக்குப் பயன்படுத்துகிறார் சாத்தனார்.

அதற்கும் கோதமை மசியவில்லை. தேவர்கள் வரம் தருவார்கள் என்று வேதம் சொல்கிறதே, நீ தராவிட்டால் நானும் சாகிறேன் என்கிறாள். சரி, பேரண்டத்தில் எந்தத் தெய்வமாவது தந்தால் நானும் தருகிறேன் என்று சம்பாபதி சக்கரவாளத்தின் அத்தனை தெய்வங்களையும் வரவழைக்கிறது. பிரமர்கள், ஒளித்தெய்வங்கள், தேவர், அசுரர், நாள், கோள், எல்லாரும் அந்தச் சுடுகாட்டு வாசலில் ஒரு கிழவி முன்னால் வந்து நிற்கிறார்கள். வந்து, எல்லாரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். முடியாது.

தமிழில் இதைவிடப் பெரிய மிகுபுனைவுக் காட்சி எனக்குத் தெரியாது. இவ்வளவு சக்தியையும் ஒரே இடத்தில் குவித்துவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று காட்ட எவ்வளவு தைரியம் வேண்டும்! பிறகு மயன் அந்தக் கூட்டத்தின் நினைவாக மேருவும் ஏழு மலைகளும் நான்கு பெருந்தீவுகளும் கொண்ட உலக மாதிரியை அங்கே செய்துவைக்கிறான். அதனால்தான் சுடுகாட்டுக்குச் சக்கரவாளக் கோட்டம் என்று பெயர். மறுக்கப்பட்ட ஒரு வேண்டுகோளுக்கு எழுப்பிய நினைவுச்சின்னம் அது.

பௌத்தம் தெரிந்தவர்களுக்குக் கோதமை என்ற பெயர் கேட்டதும் கிசா கோதமி ஞாபகம் வரும். செத்த பிள்ளையோடு வந்தவளிடம் புத்தர், சாவே விழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்றார். அந்தக் கோதமி அக்கம்பக்கத்து வீடுகளில் பதிலைக் கண்டுபிடிக்கிறாள். சாத்தனாரின் கோதமிக்குப் பக்கத்து வீடு இல்லை, தேவர்கள்தான் வருகிறார்கள். எனக்கு இதில் ஒரு குறை உண்டு. கடுகு கேட்டுப் போனவள் மற்றவர்களின் துக்கத்தைக் கண்டு தன் துக்கத்தைக் கீழே வைத்தாள். இவளை வாதத்தில் ஜெயித்துவிடுகிறார்கள். கடைசியில் சாத்தனார், அவள் துயரம் நீங்கினாள் என்றும், மகனைச் சுடலையில் வைத்துவிட்டு இறந்தாள் என்றும் ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துபோகிறார். துயரம் நீங்கியவள் ஏன் சாகிறாள்? காப்பியம் அதற்கு நிற்பதில்லை. 27ஆம், 29ஆம் காதைகளில் சமயவாதத்துக்கும் தருக்கத்துக்கும் தந்த பொறுமையில் பத்தில் ஒரு பங்கை இங்கே தந்திருக்கலாம்.

4

நம் மரபு முழுக்க இப்படி மறுத்ததா என்றால் இல்லை. சில நூற்றாண்டுகள் கழித்து 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் செத்தவர்கள் எழுகிறார்கள். அப்பூதியடிகளின் மகனைப் பாம்பு கடிக்கிறது, அப்பர் பாட எழுகிறான். அவிநாசியில் குளத்து முதலை சிறுவனை விழுங்கிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. அவனோடு குளித்த இன்னொரு பையன் வீட்டில் பூணூல் கல்யாணம், எதிர்வீட்டில் அழுகை. சுந்தரர் கேட்டுவிட்டுக் குளக்கரைக்குப் போய்ப் பாடுகிறார். முதலை பையனைக் கரையில் விடுகிறது, போன வருடங்களின் வளர்ச்சியோடு. மயிலாப்பூரில் சிவநேசர் மகள் பூம்பாவையின் எலும்பும் சாம்பலும் குடத்தில் இருக்கின்றன. சம்பந்தர் பாட அவள் பெண்ணாக வெளியே வருகிறாள்.

ஏரி கேட்டானே நண்பன், இதோ ஏரி. செத்தவனைத் திருப்பித் தரும் குளம்.

நான் பெரியபுராணத்தைக் குறை சொல்ல வரவில்லை. சம்பந்தரின் பூம்பாவைப் பதிகத்தை மட்டும் தனியாகப் படித்தால் அதில் 'எழுந்தாள்' என்ற செய்தியே இல்லை. ஒரு வருடத்தில் மயிலையில் நடக்கும் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதைப் பார்க்காமலா போகிறாய் என்று கேட்கும் பாட்டு அது. அடியார்களுக்குச் சோறு போடுவதில் ஆரம்பிக்கிறது. தைப்பூசமும் அதில் உண்டு. தண்ணீர்மலை அடிவாரத்தில் பந்தல் போட்டு மோரும் சோறும் கொடுக்கும் ஊர்க்காரனுக்கு அந்தப் பாட்டு நன்றாகவே புரியும். சாவு வீட்டில் நம் பாட்டிமார் வைக்கும் ஒப்பாரியும் இப்படித்தானே? தீபாவளி வருதே, பேத்தி கல்யாணம் இருக்கே, பாக்காம போறியே. ஒப்பாரி யாரையும் எழுப்புவதற்காக இல்லை. எழமாட்டார்கள் என்று தெரிந்துதான் அப்படிக் கேட்கிறோம். பாட்டைச் சுற்றி அற்புதத்தைக் கதையாகச் சொன்னவர் சேக்கிழார். அவர் கையில் எழுந்துவந்த பூம்பாவையை, மறு உயிர் கொடுத்ததால் இவள் என் மகள் ஆகிவிட்டாள் என்று சம்பந்தர் மணக்க மறுத்துவிடுகிறார். அப்பா வேறு யாருக்கும் கொடுக்காமல் அவளைக் கன்னிமாடத்தில் வைக்கிறார். அவள் என்ன நினைத்தாள் என்பது பேச்சாக வருவதே இல்லை. எழுப்பப்பட்டவர்களுக்கு வாய் இல்லை என்ற விஷயத்தில் டாரோமியர் ஏரியும் மயிலாப்பூரும் ரொம்ப தூரத்தில் இல்லை.

5

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாகப் பேசுகிறேன் என்று சொல்லிவிட வேண்டும்.

அப்பா 2021இல் கோவிட்டில் போனார். பத்து லஞ்சாங் மயானத்தில் நாங்கள் சிலர்தான், அதுவும் தள்ளி நின்று. அவர் அனுப்பிய குரல்செய்திகள் கைப்பேசியில் இருந்தன. சென்ற வருடம் ஓய்வு நாள் ஒன்றில் அவற்றையெல்லாம் கணினியில் போட்டு, குரலைப் போலிசெய்யும் மென்பொருளுக்குக் கொடுத்தேன். வேலையில் நான் செய்வதற்கு அது ரொம்ப தூரமும் இல்லை, சின்ன வேலைதான். சாயங்காலத்துக்குள் அப்பா பேசினார். நான் தட்டச்சு செய்ததைப் பேசினார்.

என்ன தட்டச்சு செய்வது என்றுதான் தெரியவில்லை. அவர் உண்மையில் அனுப்பிய செய்திகளில் பாதிக்கு மேல் ஒரே வாக்கியம்: "தம்பி, பசியாறிட்டியா?" அதை அந்த மென்பொருளில் அடித்துக் கேட்டேன். குரல் அச்சு அசல். ஆனால் கேள்வி என்னுடையது. என்னிடமே நான் கேட்டுக்கொண்டேன், அப்பாவின் வாயால். கணினியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்குப் போட்டுக் காட்டலாம் என்றுதான் ஆரம்பித்தேன். காட்டவில்லை.

பிணமெழுப்பிகள் கதையில் இருக்கும் பயம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எழுந்து வருவது பயங்கரமாக இருக்கும் என்பதில்லை. அது நம் சொல்லை மட்டும் பேசும். சம்பாபதி கோதமைக்கு அதைத் தர மறுத்தது கொடுமை என்றுதான் முதலில் படித்தபோது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

6

மணிமேகலையில் ஏரி உண்டு. மணிபல்லவத் தீவில் கோமுகி என்ற பொய்கை. சாபங்களும் வேண்டிய அளவு உண்டு. முனிவரின் நாவல்பழத்தை மிதித்ததால் பன்னிரண்டு வருடம் தீராத யானைப்பசி பிடித்த காயசண்டிகை. இந்திரவிழாவை மறந்ததால் கடலுக்குள் போன புகார் நகரம்.

அந்தக் கோமுகிக் கரையில் ஆபுத்திரன் செத்தான். எவ்வளவு எடுத்தாலும் சோறு குறையாத அமுதசுரபி அவன் கையில் இருந்தது. ஆள் இல்லாத தீவில் கப்பல் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது. தன் ஒரு வயிற்றுக்கு மட்டும் அந்தப் பாத்திரத்தை வைத்திருக்க மனமில்லாமல், அதைப் பொய்கைக்குள் விட்டுவிட்டுப் பட்டினி கிடந்து இறந்தான். அவன் போகக் கிளம்பியது சாவகத்துக்கு, நமக்குப் பக்கத்து ஜாவாவுக்கு, அங்கே பஞ்சம் என்று கேட்டு. மறுபிறப்பில் அங்கேயே புண்ணியராசன் என்ற அரசனாகிறான். பிறகு மணிபல்லவம் வந்து, புன்னை மரத்தடியில் மணலைத் தோண்டித் தன் பழைய எலும்புக்கூட்டையே பார்க்கிறான். பக்கத்தில், அவனைத் தேடித் திரும்பி வந்து செத்த ஒன்பது செட்டிகளின் எலும்புகள்.

நண்பனின் நாவலாக இருந்தால் இந்த இடத்தில் எலும்புகள் எழுந்து நின்றிருக்கும். சாத்தனாரிடம் அவை எலும்புகளாகவே கிடக்கின்றன. எழ வேண்டிய அவசியம் இல்லை, தான் யார் என்று பார்த்தவனுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தப் பொய்கை திருப்பித் தருவது ஆளை இல்லை, பாத்திரத்தை. வருடத்தில் ஒரு நாள், வைகாசிப் பௌர்ணமியன்று, அமுதசுரபி மேலே வரும். மணிமேகலை அதை வாங்கிக்கொண்டு புகாருக்குப் போய் முதலில் தீர்ப்பது காயசண்டிகையின் பசியை. பிறகு சிறைக்கூடத்தை அறக்கூடம் ஆக்குகிறாள்.

வைகாசிப் பௌர்ணமி என்றால் விசாக தினம். மலேசியாவில் பொதுவிடுமுறை. ஜார்ஜ்டவுனில் விளக்கு ரதங்கள் ஊர்வலம் போகும், கம்பார் சாலை மகிந்தாராம விகாரையில் கூட்டம் நிற்கும். சீனர்களின் ஏழாம் மாதம் வந்தால் தெருவுக்குத் தெரு பசித்த ஆவிகளுக்குப் படையல். தாய் பேயாகப் பசியில் கிடப்பதைக் கண்டு மொக்கல்லானர் சோறு கொண்டுபோன கதைதான் அதற்கு வேர். அங்கேயும் அம்மாவை எழுப்பவில்லை, சோறு போடுகிறார்கள். பௌத்தம் தமிழ்நாட்டில் நூலுக்குள் போய்விட்டது. நமக்கு அது இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. மணிமேகலையைப் படிக்கப் பினாங்கைவிட வசதியான ஊர் வேறு எது? ஆனால் பள்ளியில் யாரும் எனக்கு, இன்றைக்கு விடுமுறை, இன்றைக்குத்தான் நம் காப்பியத்தில் ஏரியிலிருந்து பாத்திரம் வந்தது என்று சொன்னதில்லை.

நண்பனுக்கு இதைத்தான் எழுதி அனுப்பினேன். உன் ஏரியை அழிக்காதே, அது நல்ல ஏரி. ஆனால் உன் மந்திரவாதிகளிடம் வந்து நிற்கும் ஒரு அம்மாவை எழுது. அவள் கேட்பதை அவர்கள் தரட்டும், இல்லை மறுக்கட்டும். ஏன் என்று உனக்குத் தெரிந்தால் உன்னிடம் நாவல் இருக்கிறது. தெரியாவிட்டால் வரைபடம்தான்.

அவன் பதில் ஒரே வரி: "ஆறாம் காதை படிச்சிட்டேன். கிழவி ஏன்டா செத்தா?"

தெரியவில்லை. அடுத்த அத்தியாயத்தில் அவனே எழுதட்டும்.